உரம் மிகின் நெல் சாயும்

(காஞ்சி மாநகரில் உழவரும் நெசவாளரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற ஊரில் நெல்லைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணக்கூடும். காஞ்சியின் வரலாற்றைச் சற்றே நினைந்தால் அவ்வெண்ணம் அகலும். மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி ஏந்திய அம்மகள், மழையின்றி வாடிய மக்களுக்குச் சோறிட்டுப் பசி தீர்த்த நகர் இக்காஞ்சியே. நூற்றாண்டுகள் பல கடந்து, 1967-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் ஆட்சியையே மாற்றியமைத்த தேர்தலின் நடுவே நின்றதும் அரிசித் தட்டுப்பாடே. உருபாவுக்கு மூன்று படி அரிசி குறிக்கோள், ஒரு படி உறுதி எனச் சொல்லி வென்று முதலமைச்சரானவர் இவ்வூரிற் பிறந்த அறிஞர் அண்ணா.

பட்டுக்கும் நெல்லுக்குங்கூட உறவுண்டு. பாவு இழையை அரிசிக் கஞ்சியில் தோய்த்து வெயிலில் உலர்த்திய பின்னரே தறியில் ஏற்றுவது காஞ்சி நெசவாளர் மரபு. கஞ்சி குறைந்தால் இழை தளர்ந்து பிசிறும். மிகுந்தால் விறைத்து முறியும். எந்த இழைக்கு எவ்வளவு கஞ்சி என்பது பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் கையிலேயே இருக்கும் கணக்கு. இவ்வவையில் ஆராயப்படுவதும் அத்தகையதொரு கணக்கே. எந்த நெல்லுக்கு எவ்வளவு உரம்?

தமிழர் தம் மரபு நெல் வகைகளின்மேல் அறுபது ஆண்டுகளாக ஒரு குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு வருகிறது. 'அவை உரத்துக்கு ஈடு கொடா, உரமிட்டால் சாய்ந்துவிடும், ஆகவே பயனற்றவை' என்பதே அது. இக்குற்றச்சாட்டினால் வாடன் சம்பாவும் செங்கற்பட்டுச் சிறுமணியும் குள்ளக்காரும் களத்தை விட்டே அகன்றன. பின்னர் நம்மாழ்வார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று எழுப்பிய குரலாலும், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் 2006-ஆம் ஆண்டு முதல் நெல் திருவிழா நடத்தி விதை பகிர்ந்த நெல் செயராமன் போன்றோரின் உழைப்பாலும் அவற்றுட் பல மீண்டு வந்தன. 2018-இல் மறைந்த செயராமன் 174 வகைகளை மீட்டவர் என்று போற்றப்படுகின்றார். இன்று காஞ்சியைச் சூழ்ந்த ஏரிப் பாசன ஊர்களிலும் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி, பூங்கார், சீரகச் சம்பா எனத் தேடி விதைக்கும் இளைஞர் தோன்றியுள்ளனர்.

மகிழத்தக்க செய்திதான். ஆனால் அவருள் சிலர் இரு பிழைகளுள் ஒன்றைச் செய்துவிடுகின்றனர். குட்டை நெல்லுக்கு இட்டுப் பழகிய கையால் அதே அளவு யூரியாவை அள்ளி வீசுவோர் ஒரு சாரார். பயிர் கார்த்திகை மழையில் பாயாகப் படுத்துவிடுகிறது. 'மரபு நெல்லுக்கு ஒன்றுமே வேண்டா. தானே விளையும்' என்று நம்பி, ஆண்டுக்கணக்கில் எருவே காணாத வயலில் வெறுங்கையுடன் நடுவோர் மற்றொரு சாரார். பயிர் மஞ்சளித்து, தூர் கட்டாது, அரை மூட்டை கால் மூட்டையாக நெல் தருகிறது. இரண்டிலும் பழி சுமப்பது நெல்லே. முதற்பிழை பகைவர் செய்வது போன்றது; இரண்டாம் பிழை அன்பர் செய்வது. அன்பர் செய்யும் பிழையே மிக்க கேடு பயப்பது. அடுத்த ஆண்டு விதைக்க அந்த உழவரிடம் மனமும் இராது, விதையும் இராது.

முதற்கண் சொற்களைப் பார்ப்போம். தமிழில் எரு வேறு, உரம் வேறு. எரு என்பது சாணமும் தழையும் மக்கிய பொருள். உரம் என்பதன் அடிப்பொருளோ வலிமை, திண்மை. உரனுடையார் என்றால் உறுதியுடையார் என்பதே பொருள். பயிருக்கு வலிமை தருவதால் எருவையும் உரம் என்றனர். பின்னர் மூட்டையில் வந்த உப்புக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. வள்ளுவர் உழவைப் பாடிய பகுதியின் 1037-ஆம் குறளில், உழுத புழுதியைக் காற்பங்காகக் காயவிட்டால் பிடி எருவும் வேண்டாது பயிர் விளையும் என்கிறார். அடுத்த குறளிலேயே உழுதலைவிட எருவிடுதல் நன்று என்கிறார். முரண்போலத் தோன்றும். முரணன்று. மண்ணின் நிலை அறிந்தே எருவின் அளவு என்பதைத்தான் அடுத்தடுத்த இரு குறள்களும் காட்டுகின்றன.

இனி, நெட்டை நெல் ஏன் சாய்கிறது?

பயிருக்குரிய ஊட்டங்களில் முதன்மையானவை மூன்று. இலையும் தண்டும் தழைக்கத் தழைச்சத்து; வேரும் மணியும் பிடிக்க மணிச்சத்து; தண்டு உறுதிப்பட்டு நோய் தாங்கச் சாம்பல்சத்து. இம்மூன்றுக்கும் தமிழில் அமைந்துள்ள பெயர்கள் எத்துணை அழகியவை! பெயரே வேலையைச் சொல்கிறது. இவற்றுள் யூரியா தருவது தழைச்சத்து ஒன்றை மட்டுமே.

நெட்டை நெல்லின் இலை நீண்டு வளைந்து தொங்கும் இயல்பினது. அளவான தழைச்சத்தில் அந்த இலையடுக்கின் ஊடே கதிரவன் ஒளி அடிவரை இறங்குகிறது. தழைச்சத்து மிகுந்தவுடன் இலைகள் மேலும் நீண்டு, மேலும் வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று கூரை வேய்ந்தாற்போல் மூடிக்கொள்கின்றன. நிழலில் அகப்பட்ட கீழிலைகள் உணவு ஆக்குவதை விட்டு உணவு உண்பனவாகிவிடுகின்றன. ஒளி தேடித் தண்டின் அடிக்கணுவிடைகள் நீள்கின்றன, நீள்வதால் மெலிகின்றன. நெல்லின் தண்டுக்குத் திண்மை தருவது அது மண்ணிலிருந்து எடுத்துத் தன் மேற்றோலில் பதித்துக்கொள்ளும் சிலிக்கா என்னும் மணற்சத்து. தழைச்சத்து மிக்க பயிரின் திசுவில் அதன் பங்கு குறைந்து போகிறது. ஆக, வலிமை என்று பெயர் பெற்ற உரம் மிகுந்தவிடத்துத் தண்டின் வலிமையே குன்றுகிறது.

அப்புறம் கதிர் வருகிறது. நாலடி, ஐந்தடி உயர்ந்து நிற்கும் மெலிந்த தண்டின் நுனியில் எடை ஏறுகிறது. ஆடி ஆவணியில் விதைத்த சம்பா கதிர் தள்ளும் காலமும் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் காலமும் தொண்டை மண்டலத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருவன. ஒரே இரவு மழை, சிறு காற்று போதும். பால்பிடிக்கும் பருவத்தில் சாய்ந்த பயிர் பதராகும். முற்றிய பின் சாய்ந்தால் நீரில் கிடந்து முளைவிடும். சாயாது தப்பினாலோ, கொழுத்த மென்மையான இலையைத் தேடிக் குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வரும். அவற்றுக்கு நஞ்சு வாங்க வேறு கடன்.

எருவாக இட்டால் எவ்வளவும் இடலாம் என்று எண்ணுவோரும் உளர். அதுவும் பிழையே. தழைச்சத்து சாணத்திலிருந்து வந்தாலும் மூட்டையிலிருந்து வந்தாலும் பயிருக்கு ஒன்றே. ஆட்டுக்கிடையும் கட்டி, தக்கைப்பூண்டும் மடக்கி, தொழுவுரமும் கொட்டிய வயலில் நட்ட நெட்டை நெல் யூரியாவே காணாமலும் சாயும். மிகத் தழைத்த பயிரின் இலைநுனியை அறுத்து மாட்டுக்கிட்டதும், நீரை வடித்துச் சில நாள் வயலைக் காயவிட்டதும் முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தமைக்குச் சான்று.

இது நெல்லின் குறையா? குறையன்று, அமைப்பு. மூட்டை உரம் என ஒன்று இல்லாத காலத்தில், மண்ணும் ஏரிநீரும் தழையும் தருவதைக் கொண்டு வாழும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பயிர் அது. உயரம் அதற்குக் களைகளை மறைத்து வெல்லும் படைக்கலம். ஏரி நிரம்பித் தாழ்ந்த வயலில் நீர் ஏறினால் மூழ்காதிருக்கும் வழி. வீட்டுக் கூரைக்கும் மாட்டுக்கும் வைக்கோல். ஆளுயரம் தாண்டும் காட்டுயானம் யாரும் பிழையாகப் படைத்துவிட்ட பயிரன்று.

மூட்டை உரம் தமிழ்நாட்டுக்குப் புதிதாக வந்த வழியையும் சற்றுப் பார்த்தல் வேண்டும். காஞ்சிக்கு மேற்கே, இதே பாலாற்றங்கரை இராணிப்பேட்டையில் 1906-ஆம் ஆண்டில் பாரி நிறுவனம் மணிச்சத்து உரத் தொழிலகம் தொடங்கியது. இந்தியாவின் முதல் உரத் தொழிலகம் அதுவே. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து உரமாக்கும் வழியைச் செருமானியர் ஆபர் 1909-இல் கண்டார். 1913-இல் அது பெருந்தொழிலாயிற்று. சென்னையை அடுத்த மணலியில் 1971-இல் யூரியா ஆக்கம் தொடங்கியது. உரம் வந்துவிட்டது, அதனை உண்ணும் நெல் வேண்டுமே! சப்பானிய நெல் உரத்தைத் தாங்கி நிற்கக் கண்டு, அதனையும் இந்திய நெல்லையும் கலக்கும் பெருமுயற்சி 1950-களில் ஒரிசாவின் கட்டாக்கு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையுடன் நடந்தது. அதன் பயனாக 1965-இல் ஆடுதுறை 27 வெளிவந்தது. 1966-இல் பிலிப்பைன்சு நாட்டுப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லைத் தந்தது. இந்தோனேசிய நெட்டை நெல்லாகிய பேட்டாவும் தைவான் நாட்டுக் குட்டை நெல் ஒன்றும் அதன் பெற்றோர். அந்தக் குட்டைத்தன்மையின் மறையை 2002-இல் அறிவியலார் அவிழ்த்தனர். தண்டை நீட்டும் ஊக்கியை ஆக்குவதற்குரிய நொதி ஒன்று பழுதுபட்டதே அதன் கரணியம். புதிதாக ஓர் ஆற்றல் சேர்ந்ததால் அது குட்டையாகவில்லை. இருந்த ஒன்று குறைந்ததால் குட்டையாயிற்று!

ஐ.ஆர். 8-ஐக் கண்ட மகிழ்ச்சியில் தம் மகனுக்கே அவ்வெண்ணைப் பெயராக இட்டழைத்த உழவர் ஒருவரும் தமிழ்நாட்டில் இருந்தார். சிரிக்க வேண்டா. பசியின் அருமை அறிந்தவர் வைத்த பெயர் அது. எனினும் பெயர் பற்றி ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. தூயமல்லி, சிறுமணி, குடவாழை, பூங்கார் என்று பெயரிலேயே நிறமும் வடிவும் மணமும் காட்டிய நெல், ஆங்கில எழுத்தும் எண்ணும் ஆனது. கிச்சிலிச் சம்பா என்று மக்கள் அழைக்கும் நெல்லுக்கு ஏட்டில் உள்ள பெயர், கோவையில் இருந்த வெள்ளைக்கார அரசின் பயிர்நூல் அலுவலர் பொறுப்பைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்தும் 24 என்னும் எண்ணும். 1921-இல் வெளியிடப்பெற்ற அந்த நெல்லே ஆடுதுறை 27-இன் பெற்றோருள் ஒன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூர் ஆராய்ச்சி நிலையம் 1952-இல் தந்த டி.கே.எம். 6 என்பதற்கும் அதுவே பெற்றோருள் ஒன்று. அந்த மூன்று எழுத்துக்குள் திரூர்க்குப்பம் என்னும் நல்ல தமிழூர் ஒளிந்திருப்பதை எத்தனை பேர் அறிவர்? தண்டுத் துளைப்பானைத் தாங்கும் பண்புக்காக டி.கே.எம். 6-ஐப் பிலிப்பைன்சு ஆய்வாளர் எடுத்துச் சென்று ஐ.ஆர். 20-இலும், பின்னர் உலகெங்கும் பரவிய ஐ.ஆர். 36-இலும் கலந்தனர். உயரம் அயலாரது, நோய் தாங்கும் குருதி தொண்டை மண்டலத்தது.

உண்மையை மறைத்தல் தமிழுக்கும் அழகன்று, உழவுக்கும் அழகன்று. உரம் மிகக் கொடுத்தால் குட்டை நெல்லே வெல்லும், ஐயமில்லை. பிலிப்பைன்சு ஆய்வு வயலில் உரமே இடாத ஐ.ஆர். 8 எக்டேருக்கு 5 டன் அளவிலும், 120 கிலோ தழைச்சத்து இட்டபோது 10 டன்னை நெருங்கியும் விளைந்தது. பேட்டாவுக்கோ தழைச்சத்து கூடக் கூட விளைச்சல் ஏறாது, சாய்ந்து இறங்கியது. பயிரின் உலர்ந்த எடையைப் பத்துப் பங்காக்கினால் நெட்டை நெல்லில் மூன்று பங்களவே மணி. குட்டை நெல்லில் ஐந்து பங்கு மணி. ஆகவே ஏக்கருக்கு இத்தனை மூட்டை நெல் என்னும் ஒற்றைக் கோலால் அளந்தால் மரபு நெல் பின்தங்கும். இதை ஒப்புக்கொள்ளாது, 'எங்கள் நெல் எதற்கும் குறைந்ததன்று' என மேடையில் முழங்கி உழவரை வயலில் கைவிடுதல் பெரும் பிழை. 1965-ஐயும் 1966-ஐயும் ஒட்டிய வறட்சி ஆண்டுகளில் அயல்நாட்டுக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி நாடு நின்றதை மறந்துவிட்டுக் குட்டை நெல்லை ஏசுதலும் முறையன்று.

ஆனால் அந்த ஒற்றைக் கோல் எங்கிருந்து வந்தது? விளைச்சலை இன்று பலரும் 'மகசூல்' என்கின்றனர். அது அரபுச் சொல். உருதுவில் அதற்கு வரி, தீர்வை என்றும் பொருள். நெல் வகையைக் குறிக்கும் 'ரகம்', வேளாண் ஆண்டாகிய 'பசலி', வரிக்கணக்குத் தீர்க்கும் 'சமாபந்தி' எல்லாம் தண்டல்காரர் ஏட்டுச் சொற்களாகவே வந்தவை. தண்டல்காரருக்கு வேண்டியது மணி மட்டுமே. வைக்கோல் அவர் கணக்கில் இல்லை. உழவரின் விளைச்சலிலோ வைக்கோலும் உண்டு. பதரும் தவிடும் உண்டு.

வைக்கோல் கணக்கில் இல்லாது போனதன் விளைவைக் காண்க. குட்டை நெல் வந்தவுடன் போர் சிறுத்தது. போர் சிறுத்ததால் தொழுவத்தில் மாடு குறைந்தது. உழுபொறி வந்தது அக்குறைவை விரைவாக்கியது. மாடு குறைந்ததால் எரு குறைந்தது. எரு குறைந்த வயலுக்கு மூட்டை கூடுதலாக வேண்டியதாயிற்று. கிணற்றில் மின்பொறி பூட்டி ஆண்டுக்கு மூன்று போகம் எடுக்கத் தலைப்பட்டதும் ஏரியைப் பற்றிய கவலையும் போயிற்று; வண்டல் வயலுக்கு வருவது நின்றது. இடும் யூரியாவிலோ பயிர் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு 30 முதல் 40 பங்கே. எஞ்சியது காற்றோடும் நீரோடும் போகிறது. உரமிட்ட வயலிலும் பயிர் எடுக்கும் தழைச்சத்தில் பாதியளவோ மேலோ மண்ணின் மக்கிலிருந்தே வருகிறது என்பது ஆய்வு கண்ட உண்மை. அந்த மக்கு தீர்ந்த வயலில் மூட்டையும் முன்போல் பேசாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனை ஈழத்தில் உலகம் கண்டது. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு வேதியுர இறக்குமதியை ஒரே ஆணையால் நிறுத்தியது. உரத்தை நம்பித் தேர்ந்தெடுக்கப்பட்ட நெல் வயலில் நின்றது. அதற்கு ஈடான எரு நாட்டில் இல்லை. விளைச்சல் வீழ்ந்தது; அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசி வாங்க அயலாரிடம் கையேந்தியது. சிங்கள உழவரும் தமிழ் உழவரும் ஒருங்கே துன்புற்றனர். நவம்பரில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நெல் மாறாமல் உரத்தை மட்டும் நிறுத்தினால் இந்நிலை. உரம் மாறாமல் நெல்லை மட்டும் மாற்றினால் சாய்ந்த பயிர். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், மண்ணையும் சேர்த்து.

அப்படியாயின் அளவு என்ன? கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒரு டன் நெல் விளைய, வைக்கோலும் சேர்த்து, பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் தழைச்சத்து 15 முதல் 20 கிலோ. நெட்டைச் சம்பா ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் 16 மூட்டை, அதாவது 1.2 டன், விளையும் எனக் கொண்டால் அதற்கு வேண்டியது 18 முதல் 24 கிலோ. இதில் பெரும்பங்கை நல்ல மண்ணே தந்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடுத்தர, நீண்ட காலக் குட்டை நெல்லுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பது எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 60 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆக அது மூன்று மூட்டை. சற்றே உயர்ந்து வளரும் வெள்ளைப் பொன்னிக்கு அப்பல்கலைக்கழகமே சொல்வது 75 கிலோ, சரிபாதி. இந்தப் பொன்னியும் மலேசிய மாசூரியின் வழிவந்ததே. காவிரியின் பெயர் பூண்டதால் மரபு நெல்லென்று பலர் மயங்குகின்றனர்! பொன்னிக்கே பாதியென்றால் அதனினும் நெடிய மாப்பிள்ளைச் சம்பாவுக்கு அதனினும் குறைவு என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒரு டன் தொழுவுரத்தில் தழைச்சத்து 5 கிலோ அளவு. முதற்பயிருக்கு அதில் பாதிகூட வந்து சேராது. சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்குமுன் 45 நாளில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ கிடைக்கும். ஆகவே நன்கு தழைத்த தக்கைப்பூண்டு மடக்கிய வயலில் நெட்டை நெல்லுக்கு யூரியா ஒரு கைப்பிடியும் வேண்டா. பூண்டு சரியாக வளராத ஆண்டில் இரண்டு மூன்று வண்டித் தொழுவுரமும் கொளுஞ்சி, ஆவாரை, புங்கந் தழையும் மிதித்துவிட்டு, பயிர் மிக வெளுத்திருந்தால் மட்டும் சிறிதளவு மேலுரம் கொடுக்கலாம். உமிச்சாம்பலும் அடுப்புச் சாம்பலும் தண்டுக்கு வலிமை சேர்ப்பன, குப்பையில் கொட்டலாகா.

அளவைப் போலவே காலமும் முதன்மையானது. நட்ட ஒரு திங்களுக்குள் இட்ட மேலுரம் இலையாகவும் வெறுந்தூராகவும் போகும். தண்டுக்குள் இளங்கதிர் உருவாகும் தறுவாயில் இட்டது மணிக்குப் போகும். சம்பாவுக்கு இது இன்னும் பொருந்தும். பகற்பொழுது சுருங்கினாலன்றிப் பல சம்பா வகைகள் பூக்கா. முந்தி விதைத்தால் பூப்பு முந்தாது. வெறும் உயரமே கூடும். மிக முந்தி விதைத்த சம்பா உரமின்றியும் சாய்வது இதனால்தான். நெருக்கி நடாமல் இடம்விட்டு நடுவதும் அடித்தண்டுக்கு ஒளி தந்து அதைத் திரளச் செய்யும்.

நிறத்தைக் கண்டு ஏமாறுதல் கூடாது. பக்கத்து வயல் குட்டை நெல் கரும்பச்சையாய் நிற்க, தம் வயல் தூயமல்லி இளம்பச்சையாய் நிற்பதைக் கண்டு மனம் பொறாமல் அரை மூட்டை வீசிவிடுவோர் மிகப் பலர். தழைச்சத்து அளக்க உழவர்க்குத் தரப்படும் இலைநிற அட்டையில் மற்ற நெல்லுக்கு நான்காம் நிறம் வரை நிற்க வேண்டும் என்பர். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் நிறமே போதும். நெட்டை நெல்லின் நலம் இளம்பச்சையில் இருக்கிறது.

இனி எஞ்சுவது மண். செங்கற்பட்டு, காஞ்சி வட்டாரம் ஏரிகளின் நாடு. தென்னேரியும் உத்திரமேரூர் ஏரியும் மதுராந்தகம் ஏரியும் ஏரிகள் மட்டுமல்ல. மழை அடித்து வரும் மேட்டுநில மக்கையும் நுண்மண்ணையும் சேர்த்து வைக்கும் எருக்குழிகள். உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என ஒரு குழுவையே குடவோலையால் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில், 1767-க்கும் 1774-க்கும் இடையே, ஆங்கிலேயர் பார்னார்டு செங்கற்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்து நெல்லைப் பங்கிடுமுன்னரே ஏரிக்கெனத் தனியே நெல் ஒதுக்கும் வழக்கம் அக்கணக்குகளில் காணப்படுகிறது. அரசுக்குப் போகுமுன் ஏரிக்கு!

ஏரி வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துச் செல்ல 2017-இல் தமிழ்நாட்டரசு இசைவளித்தது. 2024-இல் வட்டாட்சியர் அளவிலேயே ஒப்புதல் பெறும்படி அது எளிதாக்கப்பட்டது. இதனைச் செங்கல் சூளைகள் அறிந்த அளவுக்கு உழவர் அறியவில்லை போலும். தூயமல்லி விதைக்க எண்ணுவோர் பங்குனியிலேயே ஊர் உழவரைச் சேர்த்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால், சித்திரை வைகாசியில் ஏரி வற்றிய பொழுது வண்டல் வயலுக்கு வந்துவிடும். ஆனி முதல் மழைக்குத் தக்கைப்பூண்டு. ஆடி இறுதியில் மடக்கி உழவு. அது மக்கப் பத்து நாள் விட்டு ஆவணியில் நடவு. தையில் அறுக்கும்போது வைக்கோலைப் புகைபோக விடாமல் போர் போட்டு வைத்தால், அடுத்த ஆண்டு எருவின் ஒரு பங்கு அப்போதே தொழுவத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறது.